எஸ்தர் மாஸ்டரின் டைமை முந்த ஓர் ஆள்

முதலாளி மகன் போன வாரம் வீட்டுக்கு வந்து, "அண்ணாச்சி, நீங்க பேச ஆரம்பிச்சா ட்ராக்க சாத்துற வரைக்கும் நிறுத்த மாட்டீங்க. எழுதிக் குடுங்க. புதுசா சேர்ந்த பிள்ளைங்க படிச்சுக்கிடட்டும்" என்றார். எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பருத்தி எடுக்கப் போய்விட்டேன். எழுத்தில் பிழை இருந்தால் அவர் திருத்திக்கொள்வார். ஓட்டுவதில் பிழை இருந்தால் திருத்த, கோவில்பட்டி வட்டாரத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

பைபாஸ் ஓரத்தில் இப்போது ட்ராக் இருக்கிற நிலம் உளுந்து விதைத்துக் கிடந்த காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். கரிசல் காட்டின் மேல் தார் போட்டு, கோ-கார்ட் என்கிற குட்டி ரேஸ் வண்டிகளை லாரியில் கொண்டுவந்து இறக்கியபோது, முதல் சுற்று ஓட்டியவன் நான். முதலாளியின் சொந்தக்காரர் ஒருவர், "லாரி ஓட்டுனவன் இந்தப் பொம்ம வண்டிய என்ன செய்யப் போறான்?" என்று சிரித்தார். ஒரு சுற்று முடித்து, அவர் கால்விரலுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். அவர் துள்ளிய துள்ளலில் கழன்று போன ஒரு செருப்பு இன்னும் கிடைக்கவில்லை.

இத்தனை வருஷமும் அங்கே வந்தவர்கள் கேட்டது ஒரே கேள்விதான். முதல் தடவை வருகிறவன் சும்மா சிரித்துக்கொண்டு ஓட்டிவிட்டுப் போவான். இரண்டாம் தடவை வரும்போது ஒரு சுற்றுக்கு ஆன தன் டைமைத் திரையில் பார்ப்பான். மூன்றாம் தடவை என் பக்கத்தில் வந்து நைசாக, "அண்ணாச்சி, இத எப்படிக் குறைக்க?" என்பான். அவனுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் உங்கள் வேலை. கொடி ஆட்டுவதும் பெட்ரோல் ஊற்றுவதும் ஒரு வாரத்தில் வந்துவிடும். அதை நான் எழுதப் போவதில்லை.

ஒரே ஒருவருக்கு டைமைக் குறைத்துக் கொடுத்த கதையை மட்டும் எழுதுகிறேன். அதற்குள் எல்லாம் இருக்கிறது.

ஒரு தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, புதியம்புத்தூரிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். ரெடிமேட் துணி தைக்கிற யூனிட்டுகளில் வேலை பார்ப்பவர்கள். பண்டிகைச் சரக்கெல்லாம் தைத்து அனுப்பிவிட்டு, கிடைத்த லீவில் ஆணும் பெண்ணுமாக ஒரே கும்மாளம். நான் வழக்கம்போலச் சொன்னேன்: வலது கால் ஆக்சிலேட்டர், இடது கால் பிரேக், இரண்டையும் சேர்த்து மிதிக்காதே, துப்பட்டாவைக் கழற்றி வை, முடியை ஹெல்மெட்டுக்குள் போடு. எல்லாரும் நன்றாகத் தலையாட்டினார்கள்.

முதல் வளைவில் முதல் ஆள் நேராக டயர் அடுக்குக்குள் போனான். இரண்டாவது ஆளும் போனான். மூன்றாவதாக வந்த பெண் "யேசப்பா!" என்று கத்திக்கொண்டே போனாள். ஒருவர் பாக்கியில்லை. நான் சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"ஏலே, பிரேக்குன்னு ஒரு சாமான் அங்கன இருக்கே, கண்ணுல படலையா?"

"போட்டோம் அண்ணாச்சி! நிக்கலையே!"

எல்லாரும் இதையே சொன்னார்கள். அந்த வண்டியில் நானே ஏறி ஓட்டிப் பார்த்தேன். பிரேக் சொன்ன இடத்தில் நின்றது. அடுத்த கூட்டத்தை அனுப்பினேன். அவர்களும் அதே டயர் அடுக்கில் போய் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"என்னலே இது, ஊரோட மந்திரிச்சு விட்டுருக்காவளா?" என்று சத்தம் போட்டேன்.

வேலிக்கு வெளியே நின்ற ஓர் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஐம்பதை ஒட்டிய வயது. கழுத்தில் அளவெடுக்கிற இஞ்ச் டேப் தொங்கியது. லீவு நாளிலும் கழற்ற மறந்திருக்கிறார். "அண்ணாச்சி, ஏசாதீங்க. அவிய பிரேக்கத்தான் போடுதாவ. உங்க வண்டியில இல்ல, எங்க மெசின்ல போடுதாவ" என்றார்.

பிறகு தரையில் காலை வைத்துக் காட்டினார். தையல் யூனிட்டின் பவர் மெசினுக்கு ஒரே ஒரு மிதிதான். முன்பாதத்தை அமுக்கினால் ஓடும். குதிகாலை அமுக்கினால் நிற்கும். வருஷக்கணக்காக அதில் உட்கார்ந்த கால், பயம் வந்த நேரத்தில் என் விளக்கத்தையா கேட்கும்? வலது குதிகாலை வண்டியின் தகட்டில் அமுக்கு அமுக்கு என்று அமுக்கியிருக்கிறார்கள். வண்டி பாட்டுக்குப் போயிருக்கிறது.

"இத முதல்லயே சொன்னா என்ன?"

"நீங்க எங்க சொல்ல விட்டீங்க? வாய மூடுனாத்தானே."

அவர்தான் எஸ்தர் மாஸ்டர். சொந்தமாகச் சின்ன யூனிட் வைத்து நடத்தினார். துணி வெட்டுவதில் தேர்ந்த கை என்பதால் ஊரே மாஸ்டர் என்றது. கணவர் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது.

நான் எல்லாரையும் திரும்ப உட்காரவைத்துச் சொன்னேன்: "வலது கால மறந்துருங்க. பயம் வந்தா இடது காலால எதுத்த செவுத்த எத்துத மாதிரி எத்துங்க." அதன்பின் ஒருவரும் டயரில் முட்டவில்லை. அன்றிலிருந்து வண்டியில் ஏற்றுமுன் எல்லாரிடமும் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்பேன். நீங்களும் கேளுங்கள். டிராக்டர் ஓட்டுகிறவன் பின்னால் உழுகிற கொழுவைப் பார்த்துப் பழகியவன்; வளைவில் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். ஆட்டோக்காரன் சும்மா ஆள் தேடுகிறவன் மாதிரி ஓரத்தையே பார்த்துப் போவான். ஒவ்வொருவனும் தன் பிழைப்பைக் கூடவே கொண்டுவந்துதான் வண்டியில் உட்காருகிறான்.

அன்று கடைசி ஆளாக எஸ்தர் மாஸ்டர் ஓட்டினார். எங்கும் இடிக்கவில்லை. ஆனால் அவ்வளவு மெதுவாக யாரும் ஓட்டி நான் பார்த்ததில்லை.

"என்ன மாஸ்டர், கல்யாண ஊர்வலமா?"

"துணிய முழுசாப் பாக்காம கத்திரி வைக்கப்பிடாது அண்ணாச்சி."

அத்தோடு போயிருக்க வேண்டியது. கிறிஸ்துமஸ் முடிந்து திரும்ப வந்தார், மகளோடு. மகள் பிரின்சி சென்னையில் வேலை பார்த்தது. அங்கே இந்த வண்டியெல்லாம் ஓட்டிப் பழகியிருந்தது போல. குச்சி மாதிரி உடம்பு, கொஞ்சமும் பயமில்லை. வந்த வேகத்தில், சுவரில் எழுதியிருந்த பெண்கள் டைமையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டு இறங்கியது. பெயிண்டர் அன்றைக்கே அதன் பெயரை மேலே எழுதினார்.

டீ குடிக்கும்போது தாய்க்கும் மகளுக்கும் பேச்சு நடந்தது. மகளுக்குக் கல்யாணம் ஆகி, மாப்பிள்ளை பாதி மாதம் வெளியூரில். யூனிட்டை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு அம்மா தன்னோடு வந்துவிட வேண்டும் என்று அது கெஞ்சியது. மாஸ்டருக்கு ஊரைவிட மனசில்லை. நேராக மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. சுவரில் ஈரம் காயாத பெயரைப் பார்த்தார்.

"சரிட்டி. உன் டைம முந்திட்டு வாரேன்."

"அப்ப நீ இந்த சென்மத்துல வரப்போறதில்ல."

"சொல்லிட்டேன்லா. முந்துன அன்னைக்கு மெசின ஒப்படைச்சுட்டு பஸ் ஏறிருவேன். அண்ணாச்சிதான் சாட்சி."

"சாட்சி சரி. நான் சொல்லிக் குடுத்தா ஆறே மாசத்துல முந்திருவீங்களே, பரவால்லையா?" என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. மகள் கையைத் தட்டிச் சிரித்தது. மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு அன்று விளங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, பஸ் மாறி வந்து இறங்கினார். கையில் ஒரு சாக்கு. அதற்குள் வெட்டி மிச்சமான துண்டுத் துணி: பிள்ளைகள் கவுனுக்குப் போடுகிற பூவும் பறவையும் யானையும். "வண்டி துடைக்க வச்சுக்கிடுங்க" என்றார். அதுவரை பழைய பனியனால் துடைத்துக்கொண்டிருந்த என் வண்டிகளை அன்றுமுதல் பறவைத் துணியால் துடைத்தோம். ஹெல்மெட்டுக்குள் போடுகிற துணித்தொப்பி ஒருவர் வியர்வை ஒருவருக்கு ஒட்டாமல் இருக்க இப்போது எல்லாருக்கும் கொடுக்கிறீர்களே, அதுவும் அவர் வெட்டிக் கொடுத்த அளவுதான்.

இனி பாடம். வாடகை வண்டியில் ஒருத்தருக்கு டைம் குறைய என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், நான் சொல்வது கொஞ்சம்தான். வளைவுக்குள் போய் பிரேக் போடாதே. நேராகப் போகும்போதே போட்டு முடி. ஸ்டீயரிங்கை நெரிக்காதே. டயர் கிறீச்சென்று கத்தினால் உனக்கு வேகமாகத் தெரியும், திரையில் மெதுவாக வரும். எல்லாவற்றுக்கும் மேலே, கண். நான் கிளீனராக இருந்த லாரியின் டிரைவர், செங்கோட்டை மலையில் என் பிடரியில் ஒன்று போட்டுச் சொன்னது: "வளைவ என்னலே பாக்க, அது விடுத இடத்தப் பாரு." அந்த மனிதர் வேறு எதையும் எனக்கு ஒழுங்காகச் சொல்லித் தந்ததில்லை. அந்த ஒன்றை வைத்தே நான் பிழைத்துக்கொண்டேன்.

மாஸ்டரிடம் இதைச் சொன்னதும் அவர், "காலர் திருப்புத மாதிரிதான். ஊசி குத்துத இடத்தப் பாத்தா கோணிரும், போய்ச் சேருத இடத்தப் பாக்கணும்" என்றார். அதன்பின் அவருக்கு நான் நீட்டி முழக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் நீட்டி முழக்கினேன்.

"அண்ணாச்சி, நான் ஓட்ட வந்தனா, உங்க பிரசங்கம் கேக்க வந்தனா? அது காலையிலயே கேட்டாச்சு."

"அதுல டைம் குறையுமா?"

"உங்களுதுல வயசுதான் கூடுது."

வாரம் தவறாமல் வந்தார். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக டைம் இறங்கியது. எனக்கு மனைவி போய் வெகு காலம். ஞாயிற்றுக்கிழமை என்றால் கூட்டம் அதிகம், வேலை அதிகம் என்று மட்டுமே இருந்தவன், சனிக்கிழமையே அவர் ஓட்டும் வண்டிக்குக் காற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். மத்தியானம் பைபாஸ் பக்கம் பஸ் நின்றால், கொடியைப் பிடித்தபடியே தலை அந்தப் பக்கம் போகும். கூட வேலை பார்த்த பயல்கள், "அண்ணாச்சி, வளைவ என்ன பாக்கீய, பஸ் விடுத இடத்தப் பாருங்க" என்று என் பாடத்தையே எனக்குத் திருப்பிச் சொன்னார்கள்.

ஆடி மாதம் மேல்காற்று வந்தது. காற்றாலைக் காற்றாடிகள் விடாமல் சுற்றுகிற காலம். உழுத காட்டுப் புழுதியெல்லாம் தார் மேல் படியும். அந்த நாளில் யார் டைமும் குறையாது. வந்தவரிடம் அதையும் சொல்லித்தான் டிக்கெட் கொடுக்க வேண்டும். மாஸ்டரிடமும் சொன்னேன். "டைம் குறையாட்டி என்ன, வாரேன்" என்றார்.

புரட்டாசியில் காற்று அடங்கியது. ஒரு மத்தியானம், தார் நல்ல பிடிப்பாக இருந்த நேரம், மாஸ்டர் ஓட்டிய ஒரு சுற்றை நான் கடைசி வளைவில் நின்று பார்த்தேன். எங்கள் ட்ராக்கில் கடைசி வளைவுதான் எல்லாம். அது முடிந்ததும் நீளமான நேர்தடம், அதன் நுனியில் சுற்று முடிகிற கோடு. அந்த வளைவை விட்டு வண்டி வந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, மகளின் டைம் போச்சு. திரையைப் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் காது எனக்கு உண்டு. நெஞ்சு படபடவென்று அடித்தது. மாணவி முந்துகிறாள் என்ற சந்தோஷத்தில் அடித்ததாக நீங்கள் நினைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இன்ஜின் சத்தம் இறங்கியது. வண்டி என்னைத் தாண்டும்போது பார்த்தேன். வலது முன்பாதம் மேலே தூக்கியிருந்தது. குதிகால் தகட்டில் அமுங்கியிருந்தது.

திரையில் மயிரிழை வித்தியாசம். மகள் பெயர்தான் மேலே.

இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். "பழைய பழக்கம் அண்ணாச்சி. குதிகால் அமுங்கிருச்சு" என்றார்.

முதல் நாளே எல்லாரும் விட்டுவிட்ட பழக்கம் அது. அவர் காலில் ஒரு தடவைகூட நான் அதைப் பார்த்ததில்லை.

"ஆமா மாஸ்டர். பழக்கம் லேசுல போவாது" என்றேன்.

இரண்டு பேரும் டீ குடித்தோம். என் வாழ்நாளில் ருசித்துக் குடித்த டீ அது. பஸ் ஏறும்போது, "அடுத்த வாரம் பாப்போம்" என்றார். அன்று சாயங்காலம் வந்த கூட்டத்தில் ஒருவன் புது வண்டியைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டினான். அவனை நான் ஏசவில்லை. பயல்கள் எனக்குக் காய்ச்சலோ என்று பார்த்தார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அந்த வருஷம்போல மழை அதற்குமுன் நான் அங்கே பார்த்ததில்லை. கரிசல் மண்ணைப் பற்றி உங்களில் வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கோடையில் கால் நுழைகிற அளவு வெடிக்கும். தண்ணீர் குடித்தால் ஊதிப் பெருக்கும். மேலே தார் போட்டிருக்கிறாய் என்பதற்காக அது சும்மா கிடக்காது. கடைசி வளைவின் வெளி ஓரத்தில் ஓடைத் தண்ணீர் நின்று நின்று, அந்தப் பக்கம் தரை தாரோடு மேலே எழும்பியது. எல்லாரும் வளைவின் உள் ஓரத்தை ஒட்டிப் போவார்கள். அங்கே இப்போது ஒரு நெளிவு. வண்டி தத்தியது. யாருக்கும் பழைய டைம் வரவில்லை. முதலாளி பார்த்துவிட்டு, "பொங்கல் கழிச்சு அந்த மேட்ட செதுக்கிருவோம்" என்றார்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு ஞாயிறு மாஸ்டர் வந்தார். வழக்கமான சாக்குத் துணியைக் கொண்டுவர மறந்திருந்தார். ஓட்டினார். திரும்ப ஓட்டினார். வண்டியை மாற்றிக்கொண்டு ஓட்டினார். அப்படி நெரித்து ஓட்டி நான் பார்த்ததே இல்லை. டைம் கூடிக்கொண்டே போனது. டயர் அடுக்கின் மேல் வந்து உட்கார்ந்தார்.

"பிரின்சி முழுகாம இருக்கா அண்ணாச்சி."

"நல்ல சேதிதானே! இங்கன கூட்டிட்டு வந்துருங்க. தலைப்பிரசவம் தாய் வீட்டுலதானே."

"அசையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாவளாம். அவ வீட்டுக்காரர் பாதி நாள் ஊர்ல இல்ல. தனியாத்தான் கிடக்கா. அம்மா வான்னு ஒரு வார்த்த கூப்பிட மாட்டேங்கா. 'டைம முந்திட்டியா?'ன்னு கேட்டுச் சிரிக்கா. சிரிக்கும்போதே தொண்ட அடைக்கி, எனக்குக் கேக்காதா?"

"அப்ப கிளம்புங்க. டைமாவது, மண்ணாவது."

"நான் சொன்ன சொல்லு இருக்குல்லா. தோத்துட்டு வந்தேன்னு சொல்லிட்டுப் போய் நின்னா, 'எனக்காவ உன் தொழில விட்டியே'ன்னு நெனச்சு நெனச்சு அவ அழுவா. முந்திட்டு வந்தேன்னு சொன்னா சண்ட போடுவா. மசக்கைக்காரி அழுறதவிட சண்ட போடுறது நல்லதுல்லா." தலையைக் குனிந்துகொண்டார். "முந்தக் கிடைச்ச அன்னைக்கு நான் கால எடுத்தேன். இன்னைக்கு வேணுங்கும்போது வர மாட்டேங்கு."

நான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அந்த வளைவைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும்.

காலையில் வாடிக்கையாளர் வருமுன் முதல் சுற்று ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். மழைக்குப் பின் ஒரு காலையில், உள் ஓரம் தத்துகிறதே என்று, சும்மா வெளி ஓரத்தில் அந்த மேட்டின் மேலேயே விட்டுப் பார்த்தேன். தரை சாய்ந்து ஏறியிருந்ததால் அது வண்டியைத் தோளில் சாய்த்துக்கொண்ட மாதிரி தாங்கியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமலே வளைவு முடிந்துவிட்டது. நேர்தடத்தில் வண்டி பறந்தது. அந்தப் பாதையில் போனால் மகளின் டைம் மட்டுமில்லை, எந்தப் பெண்ணின் டைமும் நிற்காது. வாடிக்கையாளர் யாருக்கும் அது தெரியாது. ஓரமெல்லாம் புழுதியும் காய்ந்த சகதியும் கிடந்ததால் யாரும் அந்தப் பக்கம் போகவே மாட்டார்கள்.

பொங்கல் கழிந்தால் முதலாளி செதுக்கிவிடுவார். அவர் விட்டாலும் வெயில் விடாது; சித்திரையில் தரை தானே இறங்கிவிடும். நான் ஒன்றும் செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு சில வாரம் இருந்தால் போதும். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம், பஸ், பறவைத் துணி, டீ. எனக்கு வாயை மூடத் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்வார்கள். அன்று அது எனக்கு எவ்வளவு நன்றாக வந்தது தெரியுமா?

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்து, அந்த வாரம் முழுக்க அந்த வளைவிலேயே நின்றேன். நெருக்கடியில் முடிவெடுப்பது என்றால் வண்டி தலைகீழாகக் கவிழும்போது எடுப்பது என்று நினைப்பீர்கள். அதில் யோசிக்க நேரமே கிடையாது, கை தானே செய்துவிடும். யோசிக்க ஒரு வாரம் கிடைக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். சென்னையில் ஒரு பிள்ளை தனியாகப் படுத்துக்கொண்டு போனில் சிரிக்கிறது. இங்கே ஒரு கிழவன் டீக்காக ஒரு மேட்டை ஒளித்து வைத்திருக்கிறான். நான் எத்தனையோ பேரிடம், இந்த வட்டாரத்தில் டைம் குறைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று மார்தட்டியிருக்கிறேன். கேட்டு வந்தவருக்குத் தெரிந்ததைச் சொல்லாவிட்டால், பிறகு என்ன மார்?

அடுத்த ஞாயிறு மார்கழி பிறந்து, வெயில் தெளிந்திருந்தது. மாஸ்டர் வருமுன் பெரிய விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கடைசி வளைவுக்குப் போனேன். வெளி ஓரத்துச் சகதியைச் சுரண்டி, புழுதியைக் கூட்டி, அவர் கொடுத்த துணியாலேயே ஈரத்தை ஒற்றி எடுத்தேன். பயல்கள் வந்து, "நாங்க கூட்டுதோம் அண்ணாச்சி" என்றார்கள். "போங்கலே" என்றேன். பஸ் நின்றபோது கூட்டி முடித்திருந்தேன்.

அவரைக் கையோடு அழைத்துப்போய் அந்த மேட்டில் நிறுத்தினேன்.

"இங்கன போங்க. உள்ள வராதீங்க. மேடு தாங்கும். பயம் வரும், வந்தாலும் கால எடுக்காதீங்க."

அவர் கூட்டி வைத்த தடத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த விளக்குமாற்றைப் பார்த்தார்.

"இது உங்களுக்கு முன்னமே தெரியுமா அண்ணாச்சி?"

"போன வாரமே தெரியும்."

"போன வாரம் சொல்லியிருந்தா நான் போன வாரமே போயிருப்பேன்" என்றார். குரலில் கோபமில்லை.

"ஆமா."

முதல் இரண்டு சுற்று தடுமாறினார். மூன்றாவதில் மேட்டின் மேல் ஏறினார். நான் வளைவில்தான் நின்றேன். வண்டி சாய்ந்து, தாங்கி, சத்தம் ஒரு பொட்டும் இறங்காமல் வளைவை விட்டு வெளியே வந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். குதிகால் அமுங்கவில்லை.

திரையில் அவர் பெயர் மேலே ஏறியது. பயல்கள் குதித்தார்கள். பெயிண்டரைக் கூப்பிட்டு அன்றே எழுதினோம். மாஸ்டர் மகளுக்கு போன் போட்டு, சுவரைப் படம் பிடித்து அனுப்பினார். அந்தப் பக்கம் கத்திய கத்தல் எனக்கே கேட்டது: "எம்மா, கள்ளாட்டம்! நான் வந்து முந்துதேன் பாரு!" சிரிப்பும் அழுகையுமாக இருவரும் என்னென்னவோ பேசினார்கள். நான் வண்டிக்குப் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன். டாங்கு நிரம்பித்தான் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன் யூனிட்டைக் கூட வேலை பார்த்த பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்னைக்குக் கிளம்பினார். போகிற வழியில் ட்ராக்குக்கு வந்தார். கடைசியாக ஒரு சாக்குத் துணி. எனக்கு நன்றி சொல்வாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

"என் டைம யாராவது முந்திட்டா ஒரு போன் போடுங்க அண்ணாச்சி. வந்து திருப்பி எடுத்துக்கிடுதேன்."

"யாரு முந்துவா? சொல்லிக் குடுத்தது நானுல்லா" என்றேன். இந்த வாய் இருக்கிறதே.

"அதுவும் சரிதான்" என்று சிரித்துவிட்டு பஸ் ஏறினார்.

பேத்தி பிறந்து நன்றாக இருக்கிறது என்று புதியம்புத்தூர் ஆட்கள் சொன்னார்கள். வருஷங்கள் போய்விட்டன. முழங்கால் மடங்காததால் நானும் வீட்டோடு இருக்கிறேன். அந்த மேட்டைச் செதுக்க வேண்டாம் என்று முதலாளியிடம் நான் கெஞ்சிக் கேட்டு வைத்திருப்பதால், மழை நன்றாகப் பெய்யும் வருஷம் அது எழும்பத்தான் செய்கிறது. ஆனால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. எஸ்தர் மாஸ்டர் பெயர்தான் இன்னும் மேலே. பெயிண்ட் மங்கி, ஒரு தடவை மேலெழுதியும் ஆயிற்று.

ஆகையால் தம்பிகளா, தங்கைகளா, இதைக் கேளுங்கள். மழை நின்று தார் காய்ந்ததும் கடைசி வளைவின் வெளி ஓரத்தைக் கூட்டிவிடுங்கள். விளக்குமாறு ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிறது. எந்தப் பெண் வந்து, "இத எப்படிக் குறைக்க?" என்று கேட்டாலும் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுங்கள். பிரேக்கைச் சொல்லுங்கள், கண்ணைச் சொல்லுங்கள், மேட்டைச் சொல்லுங்கள். மேட்டில் நிறுத்திக் காட்டுங்கள். கால் எடுக்காதே என்று சொல்லுங்கள். உங்களில் ஓட்டத் தெரிந்த தங்கை இருந்தால், வேலையாட்கள் டைம் சுவரில் ஏறாது என்ற சட்டத்தை மாற்றச் சொல்லி நான் முதலாளியிடம் பேசுகிறேன்.

யாராவது முந்தினால் அன்றே எனக்குச் சொல்லி அனுப்புங்கள். மாஸ்டருக்கு போன் நான் போட்டுக்கொள்கிறேன். நம்பர் என்னிடம் இருக்கிறது. இதுவரை ஒரு தடவைகூட அழைத்ததில்லை. சொல்ல வேண்டிய சேதி இன்னும் நடக்கவில்லையே.